திறந்து பார்க்க முடிகிற பெட்டியே வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, தங்கை அவர்களே, மலையடிவாரத்துப் பந்தலில் இவ்வளவு நேரம் கலையாமல் உட்கார்ந்திருக்கும் தியாகதுருகத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிகளே!

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கித் தர ஏற்றது மினி பிசியா, அசெம்பிள் செய்த கேமிங் பிசியா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தங்கை ஒரு மினி பிசியை மேடைக்கே கொண்டுவந்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கைதட்டல் பலமாக விழுந்தது. அழகான பொருள், மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, அதன் மூடியை அவர் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. திறக்க முடிகிறதா, திறந்தால் உள்ளே நம் கைக்கு வேலை இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

அசெம்பிள் செய்த பிசிக்காகப் பேச வந்திருக்கும் நான் கணினி பழுது பார்க்கிறவன். என் மேசைக்கு ஃப்ளெக்ஸ் டிசைன் போடுகிறவர் வருவார், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் வருவார், மண்டிக் கணக்கு எழுதுகிறவர் வருவார், கல்வராயன் மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கிவரும் கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் சொல்லும் குறை ஒரே வரிதான். "அண்ணே, ஆன் ஆவுது, ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல."

அசெம்பிள் செய்த கணினியாக இருந்தால் என்ன செய்வேன் தெரியுமா? பக்கவாட்டுத் தகட்டின் இரண்டு ஸ்குரூவைக் கழற்றுவேன். மக்காச்சோளம் அடிக்கிற மாதமாக இருந்தால் உள்ளே பொன்னிறத் தூசி அப்பிக்கிடக்கும். புளோயரால் ஊதிவிட்டு, ரேம் ஸ்லாட்டின் ஓரத்துப் பிடியை விலக்கி ரேமை வெளியே எடுப்பேன். அதன் அடியில் தங்க முலாம் பூசிய தொடுமுனைகள் வரிசையாக இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பென்சில் அழிக்கிற ரப்பரால் அதை மெதுவாகத் தேய்த்து, துடைத்து, திரும்ப ஸ்லாட்டில் வைத்து அழுத்துவேன். "டக்" என்று பிடி விழும். சுவிட்சைத் தட்டினால் பெரும்பாலும் படம் வந்துவிடும். வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். கூட நின்ற பையன் அதைக் கண்ணால் பார்த்திருப்பான். அடுத்த முறை அதே குறைக்கு என்னிடம் வரமாட்டான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, சந்தோஷம்தான்.

அப்படியும் படம் வரவில்லையா? வேறொரு ரேம் போட்டுப் பார்ப்பேன். அதற்கும் அசையவில்லை என்றால், உள்ளே கரண்டு கொடுக்கிற எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி வேறொன்று மாட்டிப் பார்ப்பேன். எது செத்ததோ அதை மட்டும் மாற்றினால் போதும். இந்தப் பகுதியில் கரண்டு போய்த் திரும்பி வரும்போது வோல்டேஜ் என்ன ஆட்டம் ஆடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அடியை முதலில் வாங்குவது எஸ்எம்பிஎஸ். மூவாயிரம், நாலாயிரம் ரூபாயில் அது புதிதாகக் கிடைக்கும். கிணற்று மோட்டாரில் காயில் எரிந்தால் காயில் கட்டுகிறோம், மோட்டாரைத் தூக்கிக் கிணற்றில் போடுவதில்லை.

இப்போது மினி பிசிக்கு வருவோம். அண்ணன் எழுந்து கேட்பார், "மினி பிசியிலும் ரேமும் எஸ்எஸ்டியும் கழற்றலாமே" என்று. சில மாடல்களில் கழற்றலாம், ஒத்துக்கொள்கிறேன். ப்ராசசர்? பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்தது. கிராபிக்ஸ்? பெரும்பாலும் ப்ராசசருக்குள்ளேயே அடங்கியது. பல மாடல்களில் ரேமும் போர்டோடு பற்றவைத்ததே. இறுதியாண்டு படிக்கிற ஒரு பெண் தன் மினி பிசியைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். ப்ராஜெக்ட் முடியும் தறுவாய். போர்டு போய்விட்டது, வாரண்டியும் முடிந்துவிட்டது. கம்பெனியில் விசாரித்தால் முழுப் போர்டையும் மாற்ற வேண்டும், பெட்டியை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம். எஸ்எஸ்டியைக் கழற்றி அவள் கோப்புகளை மீட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் இந்த மேடையில் இந்த அணியில் வந்து உட்கார்ந்தேன்.

வாரண்டி என்று சொன்னதால் ஒரு வார்த்தை. மினி பிசிக்குப் பெரும்பாலும் ஓராண்டு, முழுப் பெட்டிக்கும் சேர்த்து. அசெம்பிள் செய்த கணினியில் ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி பில், தனித்தனி வாரண்டி. கம்பெனி அட்டைப்பெட்டியோடு வாங்குகிற ப்ராசசருக்கு மூன்றாண்டு. நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் ஐந்தாண்டுகூடத் தருகிறார்கள். பல ரேம்களுக்கு ஆயுட்கால வாரண்டியே உண்டு.

தங்கை ஆப்பிளின் மேக் மினியைப் புகழ்ந்தார். 2024 அக்டோபரில் அறிவித்த எம்4 மேக் மினி உண்மையிலேயே அருமையான இயந்திரம். ஐந்து அங்குலச் சதுரத்தில் அவ்வளவு வேகம் அடங்கியிருப்பதைப் பார்த்தால் பொறியாளர்களைக் கும்பிடத் தோன்றுகிறது. வந்தபோது இந்தியாவில் அதன் ஆரம்ப விலை 59,900 ரூபாயாக இருந்தது. 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு. அதே பெட்டி 512 ஜிபியோடு வேண்டும் என்றால் அப்போது 79,900. 256 ஜிபி கூடுதலுக்கு இருபதாயிரம் ரூபாய், நடுவர் அவர்களே! ரேமையோ வாங்கும் அன்றே முடிவு செய்தாக வேண்டும், பிறகு கூட்டவே முடியாது. பதினேழு வயதில் ஒரு பிள்ளைக்கு நாலாம் வருஷத்தில் என்ன தேவைப்படும் என்று எந்த அப்பாவுக்குத் தெரியும்?

இந்தக் கையடக்கப் பெட்டிகளை உலகமெங்கும் பரப்பியதில் முக்கியமானது இன்டெல் கம்பெனி. 2012 வாக்கில் தொடங்கிய நக் என்ற மினி பிசி வரிசையைப் பத்தாண்டு விற்றார்கள். 2023 ஜூலையில் இனி அதில் முதலீடு இல்லை என்று நிறுத்திக்கொண்டார்கள். இப்போது அதை ஏசஸ் கம்பெனி எடுத்து நடத்துகிறது. அவ்வளவு பெரிய கம்பெனியே ஒருநாள் கையை விரித்தது. மறுபக்கம் பாருங்கள். ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவை அதே இன்டெல் 1995இல் வகுத்தது. ஸ்குரூ ஓட்டை எங்கே இருக்க வேண்டும், போர்டு எந்த அளவு என்று அன்று வகுத்ததை இன்றும் பெரும்பாலான போர்டு கம்பெனிகள் பின்பற்றுகின்றன. பழைய கேபினெட்டில் இன்றைய போர்டு உட்காருகிறது. இது எந்தக் கம்பெனியின் தயவிலும் இல்லை என்பதுதான் இதன் பலம்.

இன்னும் ஒன்று, பின்னால் நிற்கும் தம்பிகளுக்கு இது தெரியும். ப்ராசசர் உட்காருகிற ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட். 2017இல் முதல் ரைசன் ப்ராசசருக்காக வாங்கிய பி350 போர்டு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். போர்டின் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால், 2022இல் வந்த ரைசன் 5 5600 அதில் ஓடும். போர்டு அதே, கேபினெட் அதே, எஸ்எம்பிஎஸ் அதே. ப்ராசசரை மட்டும் தூக்கி மாற்றினால் ஐந்தாண்டுத் தொழில்நுட்பத்தை ஒரே மாலையில் தாண்டிவிடலாம். எத்தனை மினி பிசியில் இது நடக்கும்? அண்ணன் பதில் சொல்லட்டும்.

கரண்டு பில்லைப் பற்றி எதிரணி மிகவும் கவலைப்பட்டது. நியாயமான கவலை, கணக்குப் போட்டே பேசுவோம். பிள்ளை தினம் நாலு மணி நேரம் உட்காருகிறான். இரண்டு மணி நேரம் விளையாட்டோ வீடியோ ரெண்டரோ, அப்போது 300 வாட் இழுக்கும். இரண்டு மணி நேரம் படிப்பு, டைப்பிங், அப்போது 70 வாட். ஒருநாளைக்கு முக்கால் யூனிட், அறுபது நாளுக்கு ஏறக்குறைய 45 யூனிட். மினி பிசி 20 வாட் என்று வைத்தால் ஐந்து யூனிட். வித்தியாசம் நாற்பது. யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு இருநூறு ரூபாய். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீடு என்றால் கட்டணப் படி தாண்டும், பில் இன்னும் ஏறும். அந்த வீட்டார் யோசித்துத்தான் வாங்க வேண்டும். நாள் முழுக்க ஓடுகிற கடைக் கல்லாவுக்கும் இ-சேவை மையத்துக்கும் மினி பிசியே சரி, அதை நான் தடுக்கவில்லை. நம் தலைப்பு கல்லூரிப் பிள்ளையைப் பற்றியது.

தாய்மார்களே, "கேமிங்" என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு வயிறு கலங்குகிறது. எனக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு, அந்தக் கலக்கம் தெரியும். ஆனால் குடும்பங்களின் பணத்தைத் தின்ற ஆன்லைன் ரம்மி எந்தப் பெட்டியில் ஓடியது? மடியில் வைத்திருக்கிற போனில். அதற்குக் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படவில்லை, நடு ஹாலில் மேசை போட வேண்டிய அவசியமும் இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது, அதே சட்டத்தில் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக அங்கீகரித்தது. இரண்டும் ஒன்றல்ல என்று நாடே பிரித்துச் சொல்லிவிட்டது. கேபினெட்டும் மானிட்டருமாக ஹாலில் நிற்கிற கணினியில் பையன் என்ன ஆடுகிறான் என்று அடுப்படியிலிருந்தே தெரியும்.

அந்தக் கிராபிக்ஸ் கார்டு வேறென்ன செய்யும் என்றும் கேளுங்கள். 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது 'ஃப்ளோ' என்ற லாட்வியா நாட்டுப் படம். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. ரெண்டர் செய்ய நூற்றுக்கணக்கான இயந்திரங்கள் அடுக்கிய கூடம் ஏதும் கிடையாது, இயக்குநர் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் தன் கணினியிலேயே முடித்திருக்கிறார். அதே பிளெண்டர் கள்ளக்குறிச்சியிலும் இலவசம்தான். ஓட்டிப் பார்க்க ஒரு கார்டு வேண்டும், அவ்வளவே. ஏஐ, டேட்டா சயின்ஸ் என்று இன்ஜினியரிங்கில் சேர்த்துவிட்டோமே, அந்தப் பிள்ளைகள் சின்ன மாடல் ஒன்றைத் தாமாகப் பயிற்றுவிக்கவும் இதே கார்டுதான் உதவும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பிள்ளை தன் கையால் அசெம்பிள் செய்கிற அந்த ஒரு நாள். சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்குவான். ப்ராசசரின் மூலையில் சின்னஞ்சிறு முக்கோணக் குறி இருக்கும். போர்டில் இருக்கும் முக்கோணத்தோடு அதைப் பொருத்தி, அழுத்தாமல் விட்டால் தானாக உட்காரும். அழுத்தினால் பின் வளைந்துவிடும். பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட். அதன்மேல் கூலர், ஸ்குரூவை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். கடைசியில் பவர் சுவிட்சுக்கும் எல்இடி விளக்குக்கும் போகிற பொடி ஒயர்கள். மேனுவலை விரித்து, போன் டார்ச்சை அடித்து, விளக்கு ஒயரில் எது பிளஸ் எது மைனஸ் என்று பார்த்துச் செருக வேண்டும். நான்கு வருஷப் படிப்பில் சில பிள்ளைகள் ஒரு மதர்போர்டைத் தொட்டதுகூட இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தொட்டவன் பயப்படமாட்டான். நம் பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ இன்டர்வியூவுக்குப் போய் உட்காரும்போது, ஆங்கிலம் தடுமாறினாலும், "இதை நான் கட்டியிருக்கிறேன் சார்" என்று நிமிர்ந்து சொல்ல ஒரு பொருள் அவனிடம் இருக்கும்.

மணி அடிக்கப்போகிறார்கள், தெரிகிறது. விலையைச் சொல்லாமல் உட்கார்ந்தால் அண்ணன் விடமாட்டார். இப்போது ரேம் விலை கொதிக்கிறது. தயாரிப்பாளர்கள் உற்பத்தியில் பெரும்பகுதியை ஏஐ டேட்டா சென்டர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். மைக்ரான் கம்பெனி நம்மைப் போன்றவர்கள் வாங்கிய க்ரூஷியல் ரேமையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அந்த விலை மினி பிசியையும் தாக்கும், அசெம்பிளையும் தாக்கும். ஆனால் பற்றவைத்த பெட்டியில் முழு ரேமுக்கும் இன்றே காசு கொடுக்க வேண்டும். நம்முடையதில் தவணையாகப் போகலாம்.

ஆகவே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களுக்குச் சொல்கிறேன். சென்னை கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கணினி உறுப்புகள் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள், அதில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். நான்கு ரேம் ஸ்லாட் உள்ள போர்டாகக் கேளுங்கள். ப்ராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி போட்டால் முதல் வருஷத்துக்குத் தனிக் கார்டே வேண்டாம், பாடமெல்லாம் ஓடும். ரேம் இரண்டு போதும், விலை இறங்கும்போது இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளலாம். கரும்புப் பணம் கைக்கு வந்த பிறகு கிராபிக்ஸ் கார்டை வாங்குங்கள். மாட்டுவதற்கு என்னிடம் வர வேண்டாம், உங்கள் பிள்ளையே மாட்டிவிடுவான்.

தீர்ப்பை நடுவரிடம் விடுகிறேன்.