அளவறிந்த சேர்க்கை



மோரில் நீரைக் கூட்டலாம், குறைக்கலாம், அது கலவை. நீரோ சேர்மம். ஆற்றில் முகந்ததாயினும் ஆவியாகிக் குளிர்ந்ததாயினும், தூய நீரில் ஹைட்ரஜன் ஒரு பங்கு எடையெனில் ஆக்சிஜன் ஏறத்தாழ எட்டுப் பங்கு. ஹைட்ரஜனை மிகுதியாக அளித்தாலும் நீர் அதனை ஏற்பதில்லை. மிஞ்சியது மிஞ்சியே நிற்கும். இதனையே வேதியியலார் மாறா விகித விதி என்பர்.

இன்று பள்ளி மாணவரும் ஒப்பிக்கும் இவ்விதி எளிதில் நிலைபெற்றதன்று. பிரான்சில் பிறந்து ஸ்பெயினில் பணியாற்றிய ஜோசப் லூயி புரூஸ்ட், 1799ஆம் ஆண்டில் செம்புக் கார்பனேட்டை ஆராய்ந்தார். நிலத்தடியில் விளைந்த கனிமத்திலும் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய பொருளிலும் விகிதம் ஒன்றாகவே இருந்தது. இயற்கையின் கைக்கும் மனிதனின் கைக்கும் தராசு ஒன்றே எனத் தெளிந்தார்.

மறுத்தவர் எளியவர் அல்லர். கிளாட் லூயி பெர்த்தொலே, நெப்போலியனுடன் எகிப்து சென்ற பேரறிஞர். அங்கே ஏரிக்கரையில் சோடா உப்புப் படிந்திருக்கக் கண்டு, வேதிவினையின் போக்கைப் பொருள்களின் அளவும் தீர்மானிக்கிறது என உணர்ந்தார். போக்கை மாற்றும் அளவு, விளைபொருளின் இயைபையும் மாற்றுமன்றோ என்பது அவர் வாதம். கண்ணாடியையும் உலோகக் கலவைகளையும் சான்றாகக் காட்டினார்.

புரூஸ்ட் அச்சான்றுகளைப் பொறுமையுடன் பிரித்து நிறுத்தார். அவற்றுள் பல கலவைகளே என்றார். வெள்ளீயம் ஆக்சிஜனுடன் கூடுங்கால் இருவேறு ஆக்சைடுகளே தோன்றுகின்றன. இடைப்பட்டவையாகத் தோன்றியவை அவ்விரண்டின் கலப்பு எனக் காட்டினார். விகிதம் சரிவில் வழுக்குவதில்லை. படி படியாகவே ஏறுகிறது. ஏறத்தாழ எட்டாண்டுகள் நீண்ட அவ்வாதத்தில் வசைமொழிக்கு இடமில்லை. 1808இல் டால்டன் வெளியிட்ட அணுக்கொள்கை, புரூஸ்டின் விதிக்குக் காரணம் கூறியது: அணுக்கள் முழு எண்ணிக்கையிலேயே கூடுகின்றன.

எனினும் பெர்த்தொலே முற்றும் தோற்றவரல்லர். அளவைப் பற்றிய அவர் கருத்து, 1864இல் குல்ட்பெர்க், வாகே என்னும் நார்வே அறிஞர்களின் நிறைதாக்க விதியில் உருப்பெற்றது. மேலும், இரும்பின் ஓர் ஆக்சைடில் இரும்பு எப்போதும் சற்றுக் குறைந்தே, குறிப்பிட்ட எல்லைக்குள் மாறியும் நிற்கிறது. இத்தகைய திண்மங்களுக்கு ரஷ்ய அறிஞர் குர்னாகோவ் இட்ட பெயர் 'பெர்த்தொலைடு'.

பத்தாண்டுகளாகப் பாட்டை எடைபோட்டு வரும் இவ்வட்டத்திற்கு அவ்விருவர் வழக்கு அயலன்று. ஒரு சொல் கூடினும் சிதையும் பாட்டுண்டு; சற்றே நெகிழ்ந்தும் நிலைக்கும் பாட்டுண்டு. எது எதுவென அறியத் தராசு வேண்டும். மாற்றாரின் சான்றையும் அதில் இட்டுப் பார்க்கும் நேர்மை வேண்டும்.