விளையாடுவோரிடம் கேட்டவர்கள்



விளையாட்டு ஆய்வு என்றதும் அறிஞர் உலகம் முதலில் சுட்டுவது டச்சு வரலாற்றாசிரியர் யோஹான் ஹுய்சிங்காவை. 1938-இல் வெளிவந்த 'ஹோமோ லுடென்ஸ்' நூலில், பண்பாடு விளையாட்டினுள் கருக்கொள்கிறது என்று அவர் வாதிட்டார். கவிதைக்கென ஓர் இயலையே ஒதுக்கினார். இருபது ஆண்டுகள் கழித்துப் பிரான்சின் ரோஜே காய்வா ஆட்டங்களை நால்வகைப்படுத்தினார். இருவரும் பேரறிஞர்களே. ஆயினும் அவர்தம் பக்கங்களில் விளையாடும் பிள்ளையின் குரல் கேட்பது அரிது.

அக்குரலைத் தேடிச் சென்றோர் இங்கிலாந்தின் அயோனா, பீட்டர் ஓப்பி தம்பதியர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் வகியாதவர்கள். எழுபது பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 5,000 சிறாரின் பாட்டையும் விடுகதையையும் வசவையும் திரட்டி 1959-இல் நூலாக்கினர். தெருவிலும் திடலிலும் ஆடும் ஆட்டங்களைப் பற்றி 1969-இல் மற்றொரு நூல் வந்தது.

அவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்தியது, துரத்தி ஆடும்போது 'சற்றுப் பொறு' என விலக்குக் கேட்கும் சொல். சென்னைப் பிள்ளைகளின் 'அம்பேல்' போன்றது. ஸ்காட்லாந்தில் அது 'பார்லி'; இலண்டனில் 'ஃபெய்னைட்ஸ்'. எந்த ஆசிரியரும் கற்பிக்காத அச்சொற்களை ஒன்பது வயதினர் எட்டு வயதினரிடம் ஒப்படைத்துத் தலைமுறைகளாகக் காத்துள்ளனர்!

வேகமும் வியப்பே. 1936 டிசம்பரில் மன்னர் எட்டாம் எட்வர்டு முடிதுறந்தபோது, கிறிஸ்துமஸ் பாடலொன்றின் மெட்டில் எழுந்த கேலியடி, அச்சேறாமலே சில வாரங்களில் நாட்டின் பள்ளிகள் பலவற்றில் பரவியது. இருநூறு படிகள் விற்க அல்லாடும் நமக்குச் சற்றே பொறாமைதான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வட்டத்தின் முதலாண்டில், சிறுவர் பாட்டு மாண்டதென்று நான் ஓர் இரங்கற்பா படித்தேன், கைதட்டினீர்கள். எழுதுமுன் என் தெருப்பிள்ளை ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. முன்னைத் தலைமுறைகளின் பெரியவர்களும் இவ்வாறே புலம்பினர் என்று ஓப்பியரின் ஏடுகளில் படித்தபோது நாணினேன். அந்தப் பாடலை இம்மலரில் சேர்க்க வேண்டாமெனப் பதிப்புக் குழுவினரைக் கேட்டுக்கொண்டுள்ளேன்.

அயோனா 1970 முதல் வாரந்தோறும் ஒரு பள்ளித் திடலில், இடைவேளையின்போது, குறிப்பேட்டுடன் நின்றார். 1982-இல் கணவர் மறைந்த பின்னும் சென்றார். அக்குறிப்புகளிலிருந்து 1993-இல் 'விளையாட்டுத் திடலின் மக்கள்' எனப் பொருள்படும் பெயரில் ஒரு நூல் பிறந்தது. அதில் கோட்பாடு குறைவு; பிள்ளைகள் ஓடிவந்து சொன்னவையே மிகுதி.