விழுந்ததை மறைக்காதீர்கள்

(மூத்தோர் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இன்று நான் பிரசங்கம் செய்ய வரவில்லை. என் வீட்டுக் குளியலறையில் கற்ற பாடத்தைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அதிகாலை, விழித்தவுடன் சட்டென்று எழுந்து, விளக்கைப் போடாமல் குளியலறைக்குப் போனேன். ஈரத்தரையில் கால் வழுக்கிற்று. வலது கையை விறைப்பாக நீட்டி ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்தது. அதைவிடப் பெரிய தவறு பின்னால் செய்தது. "சுளுக்குத்தான்" என்று சொல்லி இரண்டு நாள் மறைத்தேன். "மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள்" என்று நோயாளிகளுக்குப் புத்தி சொல்லுகிறவன் நான்! ஆனால், "இனி அப்பாவைத் தனியே வெளியே விடக்கூடாது" என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.

இந்தப் பயம் உங்களில் பலருக்கும் உண்டு. விழுந்ததை மறைத்தால் விழுந்த காரணமும் மறைந்துபோகும். அடுத்த முறை முறிவது இடுப்பெலும்பாக இருக்கலாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கூறியது. அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர்களே அதிகம்.

ஆகவே சில காரியங்களைக் கவனியுங்கள். படுக்கையிலிருந்து உடனே எழாமல், சற்று உட்கார்ந்து, தலைச்சுற்றல் இல்லையென்று கண்டபின் எழுந்திருங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். குளியலறைத் தரையைத் துடைத்து வையுங்கள். சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். தேய்ந்த செருப்பும், தரையில் புரளும் வேட்டியும் சேலையும் வேண்டாம். தூக்க மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் சிலருக்குத் தள்ளாட்டம் தரும்; மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முக்கியமாக, பயந்து நடப்பதை விட்டுவிடாதீர்கள். நடக்காத கால் பலவீனப்படும். பலவீனமான கால்தான் மறுபடியும் விழவைக்கும்.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கினால் என்ன செய்வது? கையிலுள்ளதை விட்டுவிடுங்கள். முழங்கையையும் முழங்காலையும் மடக்கி, உடலை விறைக்காமல், மோவாயை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் காத்துக்கொள்ளுங்கள். கூடுமானால் பக்கவாட்டில், தொடை, பிட்டம் போன்ற சதைப்பற்றுள்ள இடம் தரையில் படும்படி சாயுங்கள். ஜூடோ பயிலுகிறவர்களுக்கு விழும் முறையையே முதலில் கற்பிக்கிறார்கள். ஆனால் நீங்கள் தனியே பழகிப் பார்க்கவேண்டாம். பிசியோதெரபி பிரிவில் கேட்டறியுங்கள்.

விழுந்தபின் பதறி எழாதீர்கள். வலி எங்கே என்று பாருங்கள். வலி இல்லையானால் பக்கமாகத் திரும்பி, கைகளும் முழங்கால்களும் ஊன்றித் தவழ்ந்து, அசையாத நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுங்கள். இடுப்பு வலித்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ அசையாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள். எண்ணெய் தேய்த்து நீவ விடாதீர்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

மூன்றாம் நாள் நான் உண்மையைச் சொன்னேன். மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். மகன் குளியலறையில் ஒரு கம்பியும் ஒரு விளக்கும் பொருத்தினான். வெளியே போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்று இங்கே நடந்துதான் வந்தேன்.

உங்களில் யாராவது விழுந்ததை மறைத்திருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுங்கள்.