ஓர் எழுத்து கடல் கடந்த கதை: கருத்துப் பரவலும் சமூக வலைப்பின்னலும்



ஒரு கருத்து மக்களிடையே எவ்வாறு பரவுகிறது? இவ்வினாவை நம் விரல்களுக்குப் பழக்கமான ஒரு சான்றைக் கொண்டு ஆராய விழைகிறேன்.

நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் பயின்ற காலத்தில், 'லை' என்னும் எழுத்தைத் துதிக்கை தூக்கிய யானையைப் போல் எழுதினோம். என் தந்தையார் படித்த 'விடுதலை' இதழிலோ அவ்வெழுத்து இன்றைய வடிவில் இருந்தது. பத்து வயதில் அந்தப் புதிய வடிவைக் கட்டுரையில் எழுதினேன்; ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்தார். பின்னாளில் நானே ஆசிரியனானபோது, பழைய வடிவில் எழுதிய ஒரு மாணவனின் ஏட்டை நான் சுழித்தேன். இடையில் மாறியது யாது? எழுத்து மட்டுமா, எழுத்தைச் சூழ்ந்த உறவுகளுமா?

பெரியார் 1929 டிசம்பரில் கப்பல்வழி பினாங்கு வந்திறங்கினார். 1935 ஜனவரியில் தம் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபரில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் புதிய வடிவங்களை ஏற்று ஆணையிட்டது. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்னர் அவ்வழி நடந்தன. இதழுக்கும் ஆணைக்கும் இடையில் 43 ஆண்டுகள்! நாகப்பட்டினத்திலிருந்து 'ராஜுலா' கப்பல் சில நாள்களில் பினாங்கை அடைந்தது. அதில் வந்த இதழைப் படிக்க ஒரு நாள் போதும். அவ்வாறாயின் இத்தனை ஆண்டுகள் ஏன்?

செய்தி பரவுவது வேறு. வழக்கம் பரவுவது வேறு. மார்க் கிரனோவெட்டர் என்னும் சமூகவியலறிஞர், நெருக்கமற்ற உறவுகளே புதிய செய்திகளைத் தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றன என 1973இல் எடுத்துரைத்தார். கப்பல் பயணியும் துறைமுகத் தொழிலாளியும் அத்தகைய பாலங்கள். ஆனால் ஒருவர் தம் பழக்கத்தை மாற்ற ஒரு பாலம் போதாது. தம்மைச் சூழ்ந்தோர் பலரும் மாறியிருப்பதைக் காணவேண்டும். வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரப் பேச்சுவழக்கை ஆராய்ந்து லெஸ்லி மில்ராய் 1980இல் வெளியிட்ட நூலும், உறவு நெருக்கமாகப் பின்னிய குடியிருப்புகளில் பழைய வழக்கு உறுதியாக நிலைப்பதைக் காட்டியது.

இதற்கொரு கணக்கு உண்டு. தமிழக அரசாணை பிறந்த அதே 1978இல் கிரனோவெட்டர் அதனை விளக்கினார். ஒவ்வொருவருக்கும் ஓர் ஏற்பெல்லை உண்டு; அதாவது, தமக்கு முன் எத்தனை பேர் மாறினால் தாமும் மாறுவார் என்னும் அளவு. ஓர் ஆசிரியர் அறையைக் கற்பனை செய்வோம். பதின்மரில் முதல்வர் தாமாகவே புதிய எழுத்தை எழுதுகிறார். இரண்டாமவர் ஒருவரைக் கண்டால் எழுதுவார். மூன்றாமவர் இருவரைக் கண்டால். இவ்வாறே பத்தாமவர் ஒன்பதின்மரைக் கண்டால். விளைவு, பதின்மரும் மாறுவர். இப்போது இரண்டாமவரை மட்டும் சற்றுத் தயங்குபவராக்குவோம். அவருக்கும் இருவர் மாறியிருக்க வேண்டும். முதல்வர் எழுதுவார், அவரோடு எல்லாம் நின்றுவிடும். ஏனைய ஒன்பதின்மரின் மனத்தில் எம்மாற்றமும் இல்லை. ஆயினும் விளைவு தலைகீழ். எனவே, ஒரு கருத்து பரவாமையைக் கொண்டு மக்கள் அதனை வெறுத்தனர் என முடிவுகட்டுதல் பிழையாகும்.

அரசாணை செய்தது யாது? பாடநூலும் தேர்வும் மாறின. ஒரே வேளையில் அனைவரின் தயக்கமும் தளர்ந்தது. எனினும், ஆணை வெறுமையில் பிறக்கவில்லை. 43 ஆண்டுகள் அவ்விதழ்களைப் படித்த கண்கள் ஆயத்தமாக இருந்தன. மாறாக, ஐகாரத்தை 'அய்' எனவும் ஔகாரத்தை 'அவ்' எனவும் எழுதும் பெரியாரின் முறை அவ்வாணையில் இடம்பெறவில்லை. அது இன்றளவும் பெரும்பாலும் ஒரு வட்டத்துள்ளேயே வழங்குகிறது. மூலவர் ஒருவரே, பரவல் இருவேறு. புகழ்பெற்றவர் சொன்னால் எல்லாம் பரவும் என்பதற்கு இது மறுப்பு.

மாணவர்களே, இக்கணக்கு உங்கள் கைப்பேசிக்கும் பொருந்தும். ஒரே செய்தி ஐவரிடமிருந்து வந்தால் ஐந்து சான்றுகள் என மனம் எண்ணுகிறது. ஐவரும் ஒருவரிடமிருந்தே பெற்றிருப்பின் சான்று ஒன்றே. பகிருமுன் ஊற்றை எண்ணுங்கள், வாய்க்கால்களை எண்ணாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களே, வகுப்பில் புதிதாய் எழுதும் மாணவர் ஒருவரேனும் இருப்பார். அவரைத் திருத்தவேண்டிய இடங்கள் உண்டு, திருத்துங்கள். ஆனால் சிவப்பு மையைத் தொடுமுன் 'ஏன் இப்படி எழுதினாய்?' என்று ஒருமுறை கேளுங்கள். பத்து வயதில் என்னிடம் எவரும் அதனைக் கேட்கவில்லை. நானும் என் மாணவனிடம் கேட்கவில்லை. அவன் தன் பாட்டியிடம் எழுதக் கற்றவன் என்பதை ஆண்டிறுதியில்தான் அறிந்தேன்.