கெர்பரும் பறையரும்: ஒரு தொழிற்பெயர் கடல் கடந்தபோது



கோவளம் கடலோரத்தில் கூடியிருக்கும் நாம் ஒரு ஜெர்மன் குடும்பப் பெயரிலிருந்து தொடங்குவோம். 'கெர்பர்' என்றால் தோல் பதனிடுபவர். இடைக்கால ஜெர்மன் ஊர்களில் ஆளை அடையாளம் சொல்லத் தொழிலைச் சொன்னார்கள். அது பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டது. தோலையே தொடாத பேரனும் கெர்பர்தான். நாற்றத்துக்காகப் பதனிடும் இடத்தை ஊரோரம் தள்ளினார்கள், பெயரைத் தள்ளவில்லை. கப்பலேறி அமெரிக்கா போன அந்தப் பெயர் 1928 முதல் குழந்தை உணவு டப்பாவில் இருக்கிறது. தாய்மார்கள் கூசாமல் ஊட்டுகிறார்கள்.

நம் பக்கத்துக் குரோம்பேட்டைக்குக் குரோம் லெதர் தொழிற்சாலையால் பெயர் வந்தது. தோலுக்கு ஊர்ப்பெயராகும் மரியாதை உண்டு. அதில் கைவைத்தவருக்கு?

நம் பெயரும் கடல் கடந்தது. பறை அடித்ததால் பறையர் என்றார் கால்டுவெல். பறை என்பதற்குச் சொல் என்ற பொருளும் உண்டு. அது கிடக்கட்டும், நம்மவரில் பெரும்பாலோர் ஏர் பிடித்தவர்கள், நாற்று நட்டவர்கள். சிலர் செய்த வேலை எல்லோர் தலையிலும் பெயராக ஏறியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசா அதை எழுதிவைத்தார். 1823இல் யூத நாடகாசிரியர் மிக்கேல் பேர் ஜெர்மனியில் 'பரியா' என்றே நாடகம் எழுதினார். பிறகு மாக்ஸ் வெபர் யூதர்களைப் 'பரியா மக்கள்' என்றார். வெபர் என்றால் நெசவாளர்! தன் தொழிற்பெயரைக் கௌரவமாகச் சுமந்தவர், நம் பெயரை ஒதுக்கப்பட்டோருக்கான கலைச்சொல்லாக்கினார்.

சொல் மட்டுமா போனது? 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஆட்களும் போனார்கள். கப்பல் பட்டியலில் சாதிக்கென்று தனிக் கட்டம் இருந்தது. நாயுடு, பிள்ளை, படையாச்சி எல்லாம் அங்கே குடும்பப் பெயர்களாக நிலைத்தன. 'பறையா' என்று பதியப்பட்டவர்களின் பிள்ளைகளோ அதைக் கைவிட்டார்கள். பலருக்குத் தகப்பன் பெயரே குடும்பப் பெயராயிற்று. அவர்களைக் குறைசொல்ல நமக்கு வாய் வரவில்லை.

நம் செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் மறுவழி போனார். 1893இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயரே 'பறையன்'. அயோத்திதாசருக்கு அது ஒப்பவில்லை. பகைவர் சூட்டிய பெயர் என்பது அவர் வாதம். 1907இல் தம் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். 1922இல் சென்னை அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது.

இந்த வழக்கில் நமது சாய்வு சீனிவாசன் பக்கம். பண்டிதரின் வரலாற்று வாதம் வலுவானதுதான். ஆனால் பெயரை நாம் விட்டாலும் ஊர் விடவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் புதுப்பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வியாகப் பழைய பெயரைத்தான் தோண்டுகிறார்கள்.