மக்கொண்டோவும் கல்வராயன் மலையும்

கள்ளக்குறிச்சி வாசகப் பெருமக்களே, வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே!

அண்மையில் படித்த நாவல்களைப் பற்றிப் பேசுங்கள் என்று சொல்லி என்னை அழைத்தார்கள். நான் படித்தவற்றில் பாதி மாயக்கதைகள், பாதி மண்ணைப் பேசும் கதைகள். ‘வயசான காலத்தில் பூதக் கதை எதற்கு?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

முதலில் ஓர் ஆட்டைப் பற்றிச் சொல்கிறேன். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதற்குப் பின் அவர் எழுதிய நாவல் இது. வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு நெடிய மனிதன் வருகிறான். ஒரு கிழவர் கையில் சின்னஞ்சிறு கறுப்புக் குட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அங்கே ஆட்டுக்குட்டி பிறந்தால் அரசாங்கத்தில் பதிந்து காது குத்த வேண்டும். நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் குரலை உயர்த்திப் பேசவும் பயப்படுகிறார்கள். கறுப்பு ஆடு என்றாலே அதிகாரிக்குச் சந்தேகம்!

அந்த வரிசையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கும் நம் கல்வராயன் மலைச் சனங்களைத்தான் அதில் பார்த்தேன். மனிதர்களை வைத்து எழுதியிருந்தால் ‘எந்த ஊர், எந்த அதிகாரி, எந்தச் சாதி?’ என்று கேட்டு அந்தக் கதையை அடைத்துப் போட்டிருப்பார்கள். ஆட்டை யார் மறிப்பது? மாயம் அங்கே வேடிக்கைக்காக வரவில்லை. உண்மை தப்பித்து வருவதற்கு அது ஒன்றுதான் வழியாக இருந்தது.

அடுத்து, ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’. மார்க்கேஸ் எழுதியதை சுகுமாரனும் ஞாலன் சுப்பிரமணியனும் தமிழில் தந்தார்கள், காலச்சுவடு வெளியீடு. அதில் ஒரு பெண் துணி காயப்போடும்போது போர்வைகளோடு வானத்துக்குப் பறந்து போகிறாள். எல்லோரும் இந்தக் காட்சியைத்தான் சொல்லி வியப்பார்கள். என்னை உலுக்கியது அது இல்லை. மக்கொண்டோ என்கிற அந்த ஊரில் வாழைத்தோட்டத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொல்கிறார்கள். பிணங்களை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். உயிர் பிழைத்த ஒருவன் ஊருக்குத் திரும்பி வந்து சொல்கிறான். ஊர் என்ன சொல்கிறது தெரியுமா? ‘இங்கே ஒன்றும் நடக்கவில்லையே’ என்கிறது! அதற்குப் பிறகு அந்த ஊரில் வருஷக் கணக்கில் மழை கொட்டுகிறது. கொலம்பியாவில் 1928-இல் நிஜமாக நடந்த துப்பாக்கிச் சூட்டிலிருந்து எடுத்தது அது.

நண்பர்களே, இதைப் படித்துவிட்டு நான் வாச்சாத்தியை நினைக்காமல் இருக்க முடியுமா? நம் மலைக்கு மேற்கே, சித்தேரி மலையடிவாரத்து மலையாளிப் பழங்குடிகளின் ஊர். 1992 ஜூன் 20. வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போவதற்கே 1995 ஆகிவிட்டது. 2011-இல்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். பத்தொன்பது ஆண்டுகள்! மக்கொண்டோவில் பெய்த மழையைவிட நீளமான மழை இது. வாச்சாத்திப் பெண்கள் சாட்சிக் கூண்டில் ஏறி, நடந்தது நடந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மார்க்கேஸின் ஊருக்கு வாய்க்காத சாட்சிகள் அவர்கள்.

விஷ்ணுபுரத்தைச் சொல்லாமல் போனால் என் வாசிப்பு பாதிதான். ஜெயமோகன் 1997-இல் வெளியிட்ட பெரிய நாவல். கோபுரங்கள், சொற்போர்கள், சிவந்து ஓடும் ஆறு, கருவறையில் படுத்திருக்கும் பிரம்மாண்டமான மூலவர். நடுப்பகுதியின் தத்துவ வாதங்களில் நான் மூச்சுத் திணறினேன். ஆனால் ஓர் இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. நகரம் விஷ்ணு என்று கும்பிடும் அந்தச் சிலை, மலைக்குடிகளுக்கு அவர்களுடைய பெருமூப்பன். அவர்களுடைய பாட்டன்! கோயில் எழுந்தது, சாஸ்திரம் வந்தது, அரசர்கள் வந்தார்கள்; பாட்டனுடைய பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். இது கற்பனை நகரம்தான். மலையில் பிறந்த பிள்ளை படித்தால் இதைக் கற்பனை என்று சொல்லுமா?

உர்சுலா லெகுவின் 1968-இல் எழுதிய ‘எர்த்சீ’ வரிசையின் முதல் நாவலையும் படித்தேன். மந்திரவாதி ஆகப்போகிற நாயகன் மலைத்தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன், மாநிறத்துப் பிள்ளை. வெள்ளைத்தோல் வீரர்களே நிறைந்திருந்த மாயக்கதைகளில் அந்த அம்மையார் துணிந்து இதைச் செய்தார். அந்த ஒன்றுக்காகவே அவர் எனக்கு நெருக்கமாகிவிட்டார்.

இனி மண்ணின் கதைகள். கு. சின்னப்ப பாரதியின் ‘சங்கம்’ கொல்லிமலை மலையாளி மக்களின் கதை. கடன் கொடுக்கிறவனும் வியாபாரியும் அவர்களை எப்படிக் கட்டிப்போட்டார்கள், அவர்கள் எப்படி ஒன்றுகூடினார்கள் என்று சொல்கிறது. சத்தியமங்கலம் காட்டைச் சொல்லும் ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’யை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை, இரவில் மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். கொல்லிமலைக்கு ஒரு நாவல் இருக்கிறது. சத்தியமங்கலம் காட்டுக்கு ஒரு நாவல் இருக்கிறது. கல்வராயன் மலைக்கு அதுபோல ஊரறிந்த ஒரு நாவல் எங்கே? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

கதைக்கா பஞ்சம்? நாடு விடுதலை பெற்ற பிறகும் 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை இது. காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூவர் கிளம்பி, ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்பது மலையாளி மக்களின் பூர்வ கதை. யார் எந்த மலைக்குப் போனார் என்பது சொல்கிறவரைப் பொறுத்து மாறும். எந்த மாயநாவலுக்கும் இதைவிட நல்ல முதல் அத்தியாயம் அமையாது. கீழே இறங்கி வந்தால் உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகம். களப்பலியாகும் அரவானுக்குக் கண்ணனே மோகினியாகி மனைவியானான் என்ற கதையைத் திருநங்கையர் தங்கள் கழுத்தில் தாலியாக வாங்கிக்கொள்கிறார்கள். மறுநாள் அதை அறுத்து, வெள்ளை கட்டி அழுகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் சு. சமுத்திரம் ‘வாடாமல்லி’ நாவலை எழுதினார். இங்கே புராணம் எது, நடப்பு எது என்று கோடு கிழிக்க யாரால் முடியும்?

2024 ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. வெளியூர்க்காரர்களுக்கு நம் ஊரும் மலையும் இப்போது அந்த ஒரு செய்தியாகத்தான் தெரிகிறது. செய்தி செத்தவர்களை எண்ணிச் சொன்னது. அந்த வீட்டுத் திண்ணையில் மறுநாள் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நாவல்தான் சொல்ல வேண்டும்.

முன்வரிசைத் தம்பி தங்கைகளே, உங்களிடம்தான் கேட்கிறேன். சாமை விளைவது, கடுக்காய் பொறுக்கியது, ஜாகிர் காலத்தில் பட்டது, எல்லாம் தெரிந்த பாட்டிமார் இன்னும் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். கையில் போன் இருக்கிறது. அவர்கள் பேச்சை அவர்கள் பேசுகிறபடியே பதிவு செய்யுங்கள். பேய் வந்தால் பேயோடு, சாமி வந்தால் சாமியோடு. எங்கள் தமிழுக்குத் திருத்தி எழுத வேண்டாம். அடுத்த கூட்டத்தில் என் பேச்சுக்குப் பதிலாக நீங்கள் எழுதிய முதல் பக்கத்தை இந்த மேடையில் வாசிக்க வைக்க வேண்டும் என்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.