தாலின் கிளையும் இரு நாட்டு மேற்பார்வையும்



பால்டிக் கடலின் கீழ்க்கரையில், சுமார் 13 லட்சம் ஜனங்களே வாழும் எஸ்டோனியா என்னும் சிறு தேசத்தின் தலைநகராகிய தாலினில், டென்மார்க்கின் மிகப் பெரிய வங்கியான டான்ஸ்கே வங்கி நடத்திவந்த ஒரு கிளையின் வழியாக, 2007 முதல் 2015 வரை, வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் பணம் மட்டும் ஏறக்குறைய 20,000 கோடி யூரோ கைமாறிச் சென்றது. அத்தேசத்தார் அனைவரும் ஓராண்டு முழுவதும் உழைத்து ஈட்டும் வருமானத்தைப் போலப் பல மடங்கான இத்தொகையில் பெரும்பகுதி சந்தேகத்துக்கு இடமானதென்று, அந்த வங்கியே நியமித்த வழக்கறிஞர்கள் 2018 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் கண்டிருந்தது. சட்டமும் அதிகாரிகளும் இல்லாத தேசத்தில் இது நடந்திருந்தால் நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் அமலில் இருந்த இரு தேசங்களில், இரண்டு மேற்பார்வை ஸ்தாபனங்கள் விழித்திருக்கும்போதே நடந்தது என்பதுதான் இதைப் பற்றிச் சற்று நிதானமாக ஆலோசிக்க வேண்டியிருப்பதற்குக் காரணம்.

பின்லாந்து நாட்டின் சம்போ வங்கியை 2007-இல் டான்ஸ்கே வாங்கியபோது, அதன் எஸ்டோனியப் பகுதியும், அதனுடன் ரஷ்யாவிலிருந்தும் சுற்றுப்புற நாடுகளிலிருந்தும் வந்து கணக்கு வைத்திருந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் கூட்டமும் சேர்ந்தே வந்தன. அவ்வாண்டிலேயே ரஷ்ய மத்திய வங்கி டென்மார்க்கின் மேற்பார்வையாளருக்குக் கடிதம் எழுதி, அந்தக் கிளையின் வாடிக்கையாளர்கள் சந்தேகாஸ்பதமான பரிவர்த்தனைகளில் இடைவிடாது ஈடுபட்டு வருகிறார்கள் என்று எச்சரித்தது. கடிதம் கிடைத்தது, வங்கியிடம் விளக்கம் கேட்கப்பட்டது, விளக்கம் வந்தது, விஷயம் அத்துடன் அடங்கிவிட்டது. பால்டிக் கிளைகளைத் தலைமையகத்தின் கணினி அமைப்போடு இணைப்பதற்குச் செலவு அதிகமாகும் என்று 2008-இல் அந்த யோசனை கைவிடப்பட்டதால், எஸ்டோனிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் எழுதப்பட்ட தாலின் கிளையின் தஸ்தாவேஜுகளைத் தலைமையகம் அமைந்த கோபன்ஹேகனில் இருந்தவர்கள் நேரே பார்க்கும் வசதியே இல்லாமற் போயிற்று. ஆனால் லாபக் கணக்கு மட்டும் தவறாமல் அவர்கள் கண்ணில் பட்டது. 2011-இல், வங்கியின் மொத்தச் சொத்தில் அரை சதவீதமே கொண்டிருந்த அந்தக் கிளை, மொத்த லாபத்தில் 11 சதவீதத்தைச் சம்பாதித்துத் தந்தது. இவ்வளவு சிறிய கிளை இவ்வளவு பெரிய லாபத்தை எங்கிருந்து கொண்டுவருகிறது என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். என் அபிப்பிராயத்தில், பிற்பாடு எழுதப்பட்ட விதிகள் அனைத்தையும்விட அந்தக் கேள்வி அதிகப் பயன் தந்திருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர், பால்டிக் பகுதியின் சந்தை வர்த்தகப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஹவர்ட் வில்கின்சன் என்னும் ஆங்கிலேயர். அவர் செய்த காரியம் மிக எளியது. தாலின் கிளையில் கணக்கு வைத்திருந்த லண்டன் கம்பெனி ஒன்று, எவரும் பார்க்கக்கூடிய பிரிட்டிஷ் கம்பெனிப் பதிவேட்டில் தன்னைப் பற்றி என்ன தாக்கல் செய்திருக்கிறது என்று எடுத்துப் பார்த்தார். வியாபாரம் ஏதும் நடைபெறாத, செயலற்ற கம்பெனி என்று அங்கே எழுதியிருந்தது. தாலின் கிளையின் ஏட்டிலோ அதே கம்பெனியின் பெயரில் பெருந்தொகை வரவும் செலவுமாக இருந்தது. லண்டன் முகவரி கௌரவத்தைத் தந்தது. கூட்டாளிகள் என்று காட்டப்பட்டவையோ தொலைதூரத் தீவுகளில் பதிவான வேறு நிறுவனங்கள். உண்மையான சொந்தக்காரர் யார் என்று எந்தக் காகிதமும் சொல்லாதபடி அமைத்துக்கொண்ட இத்தகைய கம்பெனிகளே சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்துக்கு இன்றும் பிரதான சாதனம். 2013 டிசம்பர் இறுதியில் வில்கின்சன் தலைமையகத்துக்கு எழுதினார். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே வங்கியின் சொந்தத் தணிக்கையாளர்கள் அவர் சொன்னதை ஊர்ஜிதம் செய்தார்கள். இருந்தும் அந்தக் கணக்குகளை முற்றிலும் மூடி முடிப்பதற்கு மேலும் ஏறத்தாழ இரண்டு வருஷங்கள் பிடித்தன.

இதற்கிடையில் மேற்பார்வையாளர்கள் என்ன செய்தார்கள்? ஒரு வங்கி வேறொரு தேசத்தில் கிளை நடத்தினால், அதன் மூலதனமும் நிர்வாகமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது தாய்நாட்டு அதிகாரியின் பொறுப்பு. கறுப்புப் பணம் நுழையாமல் பார்ப்பது கிளை அமைந்த நாட்டு அதிகாரியின் பொறுப்பு. இந்தப் பங்கீடு காகிதத்தில் தெளிவானதுதான். ஆனால் லாபத்தின் மீது ஆசை கொண்ட நிர்வாகம் கோபன்ஹேகனிலும், அழுக்கான கணக்குகள் தாலினிலும் இருந்ததால், இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் கண் எவருக்கும் வாய்க்கவில்லை. இரண்டு கிராமங்களுக்குப் பொதுவான ஏரியின் கரையில் உடைப்பு கண்டபோது, அடைப்பது அடுத்த ஊராரின் வேலை என்று இரு ஊராரும் இருந்துவிடுவது போன்ற நிலை அது. எஸ்டோனிய அதிகாரிகள் 2014-இல் நேரில் சோதனை நடத்திக் கடுமையான குறைகளைக் கண்டார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குள் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன.

தண்டனைகள் பிற்பாடு வந்தன. தலைமை நிர்வாகி தாமஸ் போர்கன் 2018-இல் ராஜினாமா செய்தார்; மறு ஆண்டு எஸ்டோனியா அந்தக் கிளையையே மூடச் சொன்னது; 2022 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு, 200 கோடி டாலருக்கு மேல் இழக்கச் சம்மதித்தது. ஆனால் மேற்பார்வை செய்யத் தவறியவர்களை விசாரிப்பவர் யார்? ஐரோப்பிய வங்கி ஆணையம் இரு நாட்டு ஸ்தாபனங்களின் மீதும் விசாரணை நடத்தி, சட்ட மீறல் நிகழ்ந்தது என்று தயாரித்த வரைவை, 2019 ஏப்ரலில் அதன் மேற்பார்வையாளர் குழுவே நிராகரித்தது. அக்குழுவில் வாக்களித்தவர்கள் யாவரும் அங்கத்தினர் நாடுகளின் மேற்பார்வை அதிகாரிகள். தங்கள் சகாக்களின் மீது தீர்ப்பளிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் என்னை மிகவும் வருந்தச் செய்வது, சந்தேகத்துக்கிடமான பணத்தின் அளவைவிட, அந்த ஒரு வாக்கெடுப்புத்தான். பதவியில் இருப்பவர் தம் கடமையில் தவறினால் கேட்பாரில்லை என்று ஆகிவிட்டபின், சாதாரண வங்கிச் சிப்பந்தியிடம் விழிப்பை எதிர்பார்ப்பது எப்படி?

மேற்பார்வையில் கண்ட இந்தக் குறைகளை நீக்கும் உத்தேசத்துடன், ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டமியற்றி, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுப்பதற்கென்றே ஒரு பொது அதிகார ஸ்தாபனத்தை அமைத்திருக்கிறது. பல நாடுகளில் பரவிய, ஆபத்து மிகுந்த சுமார் 40 நிதி நிறுவனங்களை 2028 முதல் அது நேரடியாகக் கண்காணிக்கும். எஞ்சியவற்றைப் பார்க்கும் பொறுப்பு, முன்போலவே, அந்தந்த நாட்டு அதிகாரிகளிடம்தான் இருக்கும்.